கணக்குக்கு ஒரு பாஷை, சரித்திரத்துக்கு ஒரு பாஷை

ஐந்தாம் வகுப்பு வரையில் பள்ளிக்கூடம் குழந்தையினிடம் எதிர்பார்ப்பது பெரும்பாலும் வாசிப்பும் எழுத்தும் நால்வகைக் கணக்கும்தான். ஆறாம் வகுப்பில் கால் வைத்த உடனே, அது ஏன் என்றும் இது எதனால் என்றும் காரணம் கேட்கும் வினாக்கள் எதிரே வந்து நின்றுவிடுகின்றன. கதையும் பாட்டும் படிப்பதற்குப் போதுமாயிருந்த மொழியறிவு, நீர் ஆவியாவதையும் ஒரு ராஜ்யம் வீழ்ந்ததையும் தன் வாக்கியத்தில் விளக்க வேண்டிய பிள்ளைக்குப் போதாமற் போகிறது. ஆகையால் இரு பாஷைகளில் போதனை நடத்தும் ஒரு பள்ளியை எடைபோட விரும்புகிறவர் அதன் பாலர் வகுப்பையோ பள்ளியிறுதி வகுப்பையோ பார்ப்பதைவிட, ஆறு முதல் எட்டு வரையிலான நடுப்பகுதியைப் பார்ப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

இத்தகைய பள்ளி ஒன்று நமக்கு மிக அருகில், புதுச்சேரியிலேயே இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, ஜப்பானிய விமானங்கள் எப்பொழுது வருமோ என்ற அச்சத்தால் வங்காளத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் ஸ்ரீ அரவிந்தரின் சிஷ்யர்கள் சிலர் குடும்பத்தோடு இங்கேயிருந்த அவருடைய ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய குழந்தைகளைச் சும்மா திரியவிட முடியாதென்று, 1943-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி, சுமார் இருபது பிள்ளைகளைக் கொண்டு, ஆசிரமத்தை நடத்திவந்த ஸ்ரீ அன்னை ஒரு பள்ளியைத் தொடங்கித் தாமும் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1950-இல் ஸ்ரீ அரவிந்தர் மறைந்த பிறகு, அவருடைய ஞாபகார்த்தமாக அது சர்வகலாசாலை மையமாக விரிவாக்கப்பட்டு 1952 ஜனவரி 6-ஆம் தேதி ஆரம்பிக்கப்பட்டது. 1959 முதல் ஸ்ரீ அரவிந்தர் சர்வதேசக் கல்வி மையம் என்ற பெயரைக் கொண்டிருக்கிறது. பாரிஸ் நகரத்துப் பிரசித்தி பெற்ற பாலிடெக்னிக் கலாசாலையில் படித்த இன்ஜினீயரும், ஆசிரமத்தில் பவித்ரர் என்று வழங்கப்பட்டவருமான பிரெஞ்சுக்காரர் ஒருவர் வெகு காலம் அதன் இயக்குநராக இருந்தார்.

அங்கே கணிதமும் விஞ்ஞானமும் பிரெஞ்சு பாஷையில் போதிக்கப்படுகின்றன. சரித்திரம் முதலிய மானிடத்துறைப் பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. இவற்றோடு பிள்ளை தன் தாய்மொழியையும் சம்ஸ்கிருதத்தையும் கற்கிறது. வருஷத் தேர்வு என்று நாம் அறிந்திருக்கும் பூதம் அங்கே இல்லை. படிப்பு முடிந்தாலும் பட்டமோ டிப்ளமாவோ கொடுப்பதில்லை. கேட்ட மாத்திரத்தில் நம் ஊர்ப் பெற்றோரில் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பாஷை விஷயத்தில் அந்தப் பள்ளி செய்திருக்கும் ஏற்பாடு, பட்டத்தை நாடுகிறவர்களும் பொறுமையாக ஆராயத்தக்கதுதான்.

பிரெஞ்சு ஏன் வந்தது என்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பள்ளி தொடங்கிய நாளில் புதுச்சேரி பிரெஞ்சு ராஜ்யத்துக்கு உட்பட்ட ஊர். நடைமுறையில் அது இந்தியாவோடு சேர்ந்தது 1954 நவம்பரில், சட்டப்படி சேர்ந்தது 1962 ஆகஸ்டில். அன்னையோ பாரிஸில் பிறந்தவர். இந்தக் காரணங்களுக்கு அப்பால் வேறொரு அனுகூலமும் இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது. வங்காளி, குஜராத்தி, ஒரியா, தமிழ் என்று பல பாஷைக்காரர்களின் பிள்ளைகள் ஒரே பெஞ்சியில் உட்காரும் வகுப்பில் ஆங்கிலம் எல்லோருக்கும் சமதூரத்தில் இருப்பதில்லை. வக்கீல் வீட்டுப் பிள்ளை அதை வீட்டிலேயே பாதி கற்றுக்கொண்டு வந்துவிடும். பிரெஞ்சோ பெரும்பாலோருக்கு ஒரே அளவு அந்நியமானது. எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்குவதில் ஒரு நியாயம் உண்டல்லவா?

கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் புது பாஷைக்கு ஒப்படைத்ததிலும் யுக்தி இருக்கிறது. கணிதத்தின் வாக்கியங்கள் சிலவே. அவை திரும்பத் திரும்ப வருகின்றன. வார்த்தை புரியாத இடத்தில் படமும் குறியீடும் கைகொடுக்கின்றன. சில்லறை இடைஞ்சல்கள் இல்லாமலில்லை: பிரெஞ்சுக்காரர்கள் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடுவார்கள், தொண்ணூற்றேழு என்று நாம் சொல்வதை அவர்கள் நாலு இருபதும் பத்தும் ஏழும் என்று சொல்வார்கள். இவையெல்லாம் சில மாதங்களில் பழகிவிடும். விஞ்ஞானத்திலோ ஆங்கிலமும் பிரெஞ்சும் லத்தீன், கிரேக்கச் சொற்களை ஒரே களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொண்டவையாதலால், ஒன்றில் கற்ற கலைச்சொல் மற்றொன்றிலும் ஏறத்தாழ அதே உருவத்தில் எதிர்ப்படும்.

கனடாவில் ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் என்பவர் 1979-இல் இரண்டு வகை மொழித் திறன்களைப் பிரித்துக் காட்டினார். புதிய பாஷையில் விளையாட்டிடத்துப் பேச்சு ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் வந்துவிடும். பாடப்புத்தகத்தின் மொழி, அதாவது காரணம் கூறவும் ஒப்பிடவும் வாதிக்கவும் வேண்டிய மொழி, ஐந்து முதல் ஏழு வருஷம் பிடிக்கும். சரளமாகப் பேசுகிற பிள்ளை ஏழாம் வகுப்பில் ஒரு பத்தி எழுதத் திணறுவதைப் பார்த்து, சோம்பேறி என்று தீர்மானித்துவிடுகிற ஆசிரியர்கள் இந்த வித்தியாசத்தை மறந்துவிடுகிறார்கள். மூன்று நான்கு வயதில் தொடங்கிய குழந்தைக்கு நடுநிலை வகுப்பை எட்டும்போது அந்தக் கால அளவு பூர்த்தியாகியிருக்கும். பதினொரு வயதில் புதிதாக வந்து சேருகிற பிள்ளைக்கோ எந்த இருமொழிப் பள்ளியிலும் அவகாசம் போதாது. தேர்வு இல்லாத பள்ளியில் இந்தச் சங்கடம் சற்றுக் குறையும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்: மார்க்குப் போய்விடுமே என்ற பயமில்லாதபோது, பிள்ளை உடைந்த பிரெஞ்சிலாவது தன் கருத்தைச் சொல்லத் துணியும்.

இனி, இந்த ஏற்பாட்டில் என்னை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். 1910-ஐ ஒட்டி 'கர்மயோகின்' பத்திரிகையில் தேசியக் கல்வி முறையைப் பற்றி எழுதிய கட்டுரைகளில், கல்விக்கு உரிய வாகனம் தாய்மொழியே என்றும், குழந்தையின் முதல் முயற்சியெல்லாம் அதில் தேர்ச்சி பெறுவதிலேயே செல்ல வேண்டும் என்றும் ஸ்ரீ அரவிந்தர் வற்புறுத்தியிருக்கிறார். அவர் அனுபவித்துச் சொன்ன வார்த்தை அது. ஏழு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, இந்தியச் சம்பந்தமே கூடாதென்ற தகப்பனாரின் கட்டளைப்படி வளர்ந்து, லத்தீனும் கிரேக்கமும் பிரெஞ்சும் கரைத்துக் குடித்தவர், தம் சொந்த வங்காளியைப் பிற்பாடு முயன்று கற்க வேண்டியிருந்தது. புதுவைக்கு வந்த பிறகு பாரதியாரின் உதவியோடு தமிழும் பயின்றார். அப்பேர்ப்பட்டவரின் பெயரைத் தாங்கிய பள்ளியில் தாய்மொழி ஒரு பாடமாக மட்டும் நிற்கிறது. பத்துப் பாஷைக்காரர் கூடிய இடத்தில் வேறு வழியில்லை என்ற சமாதானத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது நிர்ப்பந்தத்துக்குச் சொன்ன சமாதானமே தவிர, கல்விக்குச் சொன்ன நியாயம் ஆகாது. அன்னையும் தமிழை ஒதுக்கியவரல்லர்: 1968-இல் அவர் புதுச்சேரிக்கு அருகே ஆரோவில் என்ற நகரத்தை நிறுவினார். அதற்குரிய மொழிகளாக அவர் கூறிய நான்கில், பிரெஞ்சு, ஆங்கிலம், எளிமையாக்கிய சம்ஸ்கிருதம் ஆகியவற்றோடு தமிழும் இடம்பெற்றது.

மாண்ட்ரியலுக்கு அருகிலுள்ள செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் 1965-இல் தங்கள் பிள்ளைகளுக்கு ஆரம்பம் முதலே பிரெஞ்சில் பாடம் நடத்தும் வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகளை வருஷக்கணக்காகப் பரிசோதித்த லாம்பர்ட், டக்கர் என்ற இரு அறிஞர்கள், ஆங்கிலத்தில் அவர்கள் பின்தங்கவில்லை என்று கண்டார்கள். அதை மேற்கோள் காட்டி, தமிழ்க் குழந்தையை முழுக்க ஆங்கிலத்தில் மூழ்கடித்தாலும் தமிழுக்கு நஷ்டமில்லை என்று வாதிப்போர் நம்மிடையே உண்டு. வீட்டிலும் கடையிலும் சினிமாவிலும் உத்தியோகத்திலும் ஆங்கிலமே கோலோச்சும் கண்டத்தில், பள்ளி அதை விட்டுவிட்டாலும் உலகம் கற்றுக்கொடுத்துவிடும். பள்ளிக்கு வெளியே தமிழுக்கு அவ்வளவு செல்வாக்கான காவலாளி யார் இருக்கிறார்?

தமிழ்நாட்டுத் தனியார் ஆங்கிலப் பள்ளியில் தமிழ் உண்டு. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பத்தாம் வகுப்பு வரை படிப்படியாகக் கட்டாயமாக்கியது. ஆயினும் செய்யுளும் இலக்கணமும் கட்டுரையுமாகத் தன் பீரியட்டுக்குள்ளேயே அது அடங்கிக் கிடக்கிறது. விவசாயத்தைப் பற்றியோ பல்லவர் ஆட்சியைப் பற்றியோ உள்ளாட்சித் தேர்தலைப் பற்றியோ தமிழில் யோசித்து எழுத வேண்டிய அவசியம் அந்தப் பிள்ளைக்கு ஏற்படுவதே இல்லை. புதுவைப் பள்ளி பிரெஞ்சைத் தனிப் பாடமாக மட்டும் ஒதுக்கி வைத்திருந்தால், அங்கேயும் நாலு பாட்டும் இரண்டு வாழ்த்துரையுமாக அது தேய்ந்திருக்கும்; கணக்கு முழுவதையும் அதன் தலையில் ஏற்றியதால்தான் அது பிள்ளைகளுக்குச் சொந்தமாயிற்று.

அதே முறையைத் திருப்பிப் பிடித்தால் என்ன? விஞ்ஞானமும் கணிதமும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஆறு முதல் எட்டு வரை சமூக அறிவியலைத் தமிழில் நடத்தலாம். புதிதாகப் புத்தகம் எழுத வேண்டிய சிரமம்கூட இல்லை. அரசு பாடநூல் நிறுவனம் ஒரே பாடத்தை இரண்டு பாஷைகளிலும் அச்சிட்டு வைத்திருக்கிறது. சொந்த ஊரின் ஏரியையும் கோயிலையும் பஞ்சாயத்தையும் பற்றிய பாடத்தைத் தமிழில் சொன்னால் பிள்ளையின் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று பெற்றோரிடம் சொல்லுகிற பள்ளி நிர்வாகி, அதற்கு ஆதாரம் காட்டக் கடமைப்பட்டவர்.