எழுதுகோலுக்கு முன்னே விரல்கள்

குழந்தைக்கு எழுத்துப் பயிற்சி எங்கே தொடங்குகிறது? பலகையிலா, நோட்டுப் புத்தகத்திலா? இரண்டிலும் இல்லை; விரல்களில் தொடங்குகிறது. இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மூன்று வயது நிரம்பு முன்பே பென்சிலைக் கையில் திணித்து, நான்கு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதச் சொல்கிறோம். புனேயில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல.

இங்கு வளரும் தமிழ்க் குழந்தைக்குச் சுமை சற்றுக் கூடுதல். பள்ளியில் ஆங்கில எழுத்து, அதனோடு தேவநாகரி, வீட்டில் தமிழ் என மூன்று வரிவடிவங்களை அந்தப் பிஞ்சுக் கை பழக வேண்டும். கை களைத்தால் முதலில் நழுவுவது எது? தேர்வு இல்லாத தமிழ்தான். ஞாயிறுதோறும் கட்கியில் சில குழந்தைகளுக்கு நான் தமிழ் சொல்லித் தருகிறேன். வாயில் 'ழ' பிசகாமல் வருகிறது. கையிலோ அதன் வளைவு வருவதில்லை. உடனே "எனக்குத் தமிழ் வராது அண்ணா" என்று முகத்தைத் திருப்பிக் கொள்கிறார்கள். வராதது தமிழ் அன்று. விரல் இன்னும் பக்குவப்படவில்லை, அவ்வளவே.

கையின் அமைப்பைச் சற்று நோக்குவோம். வளர்ந்தவர் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறந்த குழந்தைக்கு அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றாக எலும்பாகி வர, கடைசி எலும்பு உருவாகத் தொடங்கவே ஏறத்தாழ ஒன்பது, பத்து வயதாகிறது. விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரலில் இல்லை. முன்கையில் இருந்து கொண்டு, கயிறு போன்ற தசைநாண்களால் விரலை இழுக்கின்றன. நுட்பமான அசைவுகளுக்கு உதவும் சிறு தசைகள் உள்ளங்கையில் உள்ளன. ஒன்றரை வயதுக் குழந்தை பென்சிலை முஷ்டியால் பிடிக்கும். மூன்று விரல் கூடிய பிடி நான்கு வயதளவில் தோன்றி, ஐந்து ஆறு வயதில்தான் தேர்ச்சி பெறும். இந்த வரிசையை அதட்டி மாற்ற முடியாது. விளையாட்டால் வளர்க்க முடியும்.

இதை உணர்ந்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய மர உருளைகளின் குமிழைக் குழந்தை மூன்று விரலால் பிடித்துத் தூக்கும்போதே, எழுதுகோல் பிடிக்கப் பழகி விடுகிறது. ஆனால் அக்கருவிகள் விலை மிக்கவை. மராட்டிய நாட்டின் தாராபாய் மோடக் 1945-இல் போர்டி கிராமத்தில் பாலர் பள்ளி நடத்தியபோது, கூழாங்கல், இலை, குச்சி என அங்கே கிடைத்தவற்றையே கருவிகளாக்கினார். அவருடன் உழைத்த அனுதாய் வாக் நமது புனே மாவட்டத்து மோர்காவில் பிறந்தவர். நம் புனே பல்கலைக்கழக வளாகத்திலுள்ள வானியல் மையத்தின் சிறுவர் அறிவியல் கூடத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய அரவிந்த் குப்தாவும், தீக்குச்சி, சைக்கிள் வால்வு ரப்பர், பழைய காகிதம் ஆகியவற்றால் எண்ணற்ற பொம்மைகள் செய்து காட்டியவர். 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

நாம் செய்யத் தக்கவை எவை?

முதலில் வலிமை. சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கொடுங்கள். பிசையட்டும், உருட்டட்டும், கிள்ளட்டும். தீபாவளியில் புனேச் சிறுவர் மண்ணால் கோட்டை கட்டுவதைக் கண்டிருப்பீர்கள். அந்த மண்ணும் கல்லும் தோள் முதல் விரல் வரை பலப்படுத்துகின்றன. ஈரத்துணி பிழிதலும், கொடியில் துணிக்கு கிளிப் போடுதலும் அவ்வகையே.

அடுத்து விரல் நுனி. கலந்து வைத்த கொண்டைக்கடலையையும் மொச்சையையும் பிரிக்கச் சொல்லலாம். காகிதத்தைக் கோட்டின் மேல் கிழிக்கலாம், கப்பல் மடிக்கலாம். ஷூ கயிற்றில் பெரிய மணிகளைக் கோத்துப் பழகிய பின், கனகாம்பரம் தொடுக்கலாம். மண்டையில் 'அபோலி' என்று கேட்டால் கிடைக்கும்.

மூன்றாவது, கைக்குள்ளேயே பொருளை நகர்த்தும் திறம். இதற்குப் பல்லாங்குழியை விஞ்சிய கருவியை நான் கண்டதில்லை. ஒரு பிடி புளியங்கொட்டையை அள்ளி, உள்ளங்கையிலிருந்து ஒவ்வொன்றாக விரல் நுனிக்குக் கொண்டு வந்து, பதினான்கு குழிகளில் இட்டுச் செல்ல வேண்டும். சங்க நூல்களில் மகளிர் ஆடிய கழங்கும் இத்தகையதே. அதற்குப் பயன்பட்ட கழற்சிக்காயைத்தான் மராட்டியர் 'சாகர்கோட்டே' என்று சொல்லி ஆடுகின்றனர். இரு மொழிப் பிள்ளைகளும் சேர்ந்து ஆட இதைவிட என்ன வேண்டும்?

இறுதியில் கோடு. கோலமாவைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் கிள்ளி எடுத்துச் சீராக விடுவது அரிய பயிற்சி. மராட்டிய ரங்கோலியிலும் இதே பிடிதான். புள்ளியைச் சுற்றி வளையும் சிக்குக் கோலம் போட்ட விரலுக்கு, 'ஞ'வும் 'ழ'வும் அயலாகத் தோன்றா.

சில எச்சரிக்கைகள். மூன்று வயதுக்கு உட்பட்டோரிடம் கொட்டை, மணி தரலாகாது. வாயிலோ மூக்கிலோ போட்டுக் கொள்வர். பெரிய குழந்தைகளுக்கும் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். ஒரு நேரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். இடக்கைக் குழந்தையை வலக்கைக்கு மாற்ற வேண்டாம். ஐந்து வயது கடந்தும் கரண்டி பிடிக்கவோ, பெரிய பொத்தான் மாட்டவோ இயலாவிட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுவது நன்று.

நண்பர்களே, தமிழ் வாழ்க என்று மேடையில் முழங்குவது எளிது. ஒரு குழந்தையின் விரலில் அதை வாழ வைப்பதற்கு ஞாயிறு காலை ஒரு மணி நேரம் வேண்டும். அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்வோர் திரும்பும்போது ஒரு பல்லாங்குழிப் பலகையும் ஒரு பை புளியங்கொட்டையும் கொண்டு வாருங்கள். கட்கியில் அவற்றுக்கு வேலை இருக்கிறது.