ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடிய பட்டியாலா ரயில்

டெல்லி சாணக்கியபுரியில் 1977இல் திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகத்தில், நீராவி எஞ்சின்களும் மன்னர்களின் தனிப்பெட்டிகளும் பல இருந்தாலும், பார்வையாளரை அதிகம் வியக்கவைப்பது பட்டியாலா சமஸ்தானத்தின் மோனோரயில், அதாவது ஒரே தண்டவாளத்தில் ஓடும் வண்டியே ஆகும்.

மகாராஜா பூபிந்தர் சிங்கின் ஆட்சியில் 1907இல் தொடங்கப்பட்ட இப்பாதையில், வண்டியின் பெரும்பாலான எடையைத் தண்டவாளத்தின் மீது வரிசையாக உருளும் சக்கரங்கள் தாங்க, ஒரு பக்கமாக நீட்டிப் பொருத்தப்பட்ட பெரிய சக்கரம் சாலையின் மீதே உருண்டு, வண்டி சாயாமல் காத்தது. கோவேறு கழுதைகளே முதலில் இழுத்த இவ்வண்டிகளுக்குப் பின்னர் பெர்லினின் ஓரென்ஸ்டைன் அண்ட் கோப்பல் நிறுவனம் நீராவி எஞ்சின்களை வழங்கியது. மோட்டார் வாகனங்கள் பெருகவே, 1927இல் இச்சேவை நின்றுபோனது.

இதே வளாகத்தில் உள்ள, ஐதராபாத் நிஜாமின் ரயில்வேக்காக இங்கிலாந்தின் ஜான் மோரிஸ் நிறுவனம் 1914இல் தயாரித்த தீயணைப்பு வண்டி, ரயில் நிர்வாகத்திற்குச் சாலை வாகனங்களும் தேவைப்பட்டதைக் காட்டுகிறது. பழைய எஞ்சின்களை இரும்புக் கழிவாக விற்றுவிடாமல் பாதுகாப்பது, தொழில்நுட்ப வரலாற்றைப் பாதுகாப்பதே ஆகும்.