மாடிக்கு வந்த விருந்தாளிகள்

என் கணவர் ஓய்வு பெற்ற மறு மாதமே எங்கள் கும்பகோணம் வீட்டு மாடி, நாள் வாடகைக்கு விடும் வீடாகிவிட்டது. "மாச வாடகையைவிட இதுல நாலு காசு கூட வரும்" என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். இரண்டு அறை, ஒரு குளியலறை, காலையில் ஃபில்டர் காபி. செல்போன் செயலியில் படம் போட்டோம், ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

வருமானம் வந்தது உண்மைதான். கூடவே வந்ததையும் சொல்ல வேண்டாமா?

எங்கள் ஊருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் நவக்கிரகத் தலங்களைத் தரிசிக்க வருகிறவர்கள். விடியற்காலை 5 மணிக்கு வேனில் கிளம்பினால் ராத்திரிதான் திரும்புவார்கள். பெரும்பாலும் தங்கமான மனிதர்கள். அதனால்தான் நானும் ஏமாந்தேன்.

ஒரு நாள் 4 பேருக்கு என்று பதிவு செய்தார்கள். ராத்திரி 10 மணிக்கு வேனிலிருந்து 9 பேர் இறங்கினார்கள்! "சின்னப் பசங்கதானே ஆன்ட்டி, ஓரமா படுத்துக்குவாங்க" என்றார் அந்த அம்மாள். அந்தச் சின்னப் பசங்களில் ஒன்றுக்கு மீசை முளைத்திருந்தது! வாசலுக்கு வந்தவர்களைப் போங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. பாய், தலையணை எல்லாம் எடுத்துக் கொடுத்தேன்.

காலை 6 மணிக்கே மொட்டை மாடித் தொட்டி காலி. அவர்கள் போன மறுநாள் கழிவறை அடைத்துக்கொண்டது. ஆள் வைத்துப் பார்த்தால் உள்ளேயிருந்து குழந்தைக்குக் கட்டும் டயப்பர் வந்தது. அதைச் சரிசெய்த கூலி, ஒரு நாள் வாடகையை முழுசாக விழுங்கிவிட்டது. அதோடு போயிற்றா? செயலியில் எங்களுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, "தண்ணீர் வசதி இல்லை" என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். என் மாமியாருக்கு 80 வயது. அவர்தான் சொன்னார்: "அம்மாடி, பந்தியில உட்கார வச்சப்புறம் சோறு இல்லைன்னு சொல்றதுதான் மரியாதைக் கேடு. வாசல்லயே சொல்லிட்டா யாருக்கும் மனஸ்தாபமில்ல."

அவ்வளவுதான் விஷயம்! நான் எல்லாவற்றையும் மனசுக்குள் வைத்துக்கொண்டு, பிறகு குமுறிக்கொண்டிருந்தேன். இப்போது பதிவு செய்த உடனேயே செய்தி அனுப்பிவிடுகிறேன். குழந்தைகளையும் சேர்த்து எத்தனை பேர், கூடுதல் ஆளுக்கு எவ்வளவு, காலி செய்யும் நேரம் 11 மணி, ராத்திரி 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது, குடி கூடாது. "சரி" என்று பதில் வந்த பிறகுதான் மறு வேலை.

குளியலறையில் மூடி போட்ட குப்பைக்கூடையும், பக்கத்தில் பழைய செய்தித்தாளும் வைத்தேன். அதன்பின் அடைப்பே இல்லை. மெத்தைக்கு மேல் ரெக்சின் விரிப்பு. ஆட்கள் வருமுன்னும் போன பின்னும் அறையைச் செல்போனில் படம் எடுத்து வைக்கிறேன். பேச்சு வார்த்தை வந்தால் அதுவே சாட்சி. பெரியவர்கள் எல்லோரிடமும் அடையாள அட்டை நகல் உண்டு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையம் வழியே அரசுக்குத் தெரிவித்துவிட வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள்.

சொல்லியும் கேட்காதவர்கள் உண்டு. ஒரு முறை மூன்று இளைஞர்கள், ராத்திரி 11 மணிக்குப் பாட்டும் கூத்தும். பாட்டில் உருளும் சத்தம் கீழே வரை கேட்டது. இவருக்கோ ரத்தக் கொதிப்பு; "நான் போய்க் கேட்கிறேன்" என்று எழுந்தவரை உட்கார வைத்தேன். நானும் மாடி ஏறவில்லை. கீழேயிருந்தே போன் செய்து, "தம்பி, நீங்க ஒத்துக்கிட்ட செய்தி என்கிட்ட இருக்கு. இன்னும் பத்து நிமிஷம் பார்ப்பேன், அப்புறம் 112-க்குத்தான் பேசுவேன்" என்றேன். பக்கத்து வீட்டு அண்ணனையும் வாசலில் வந்து நிற்கச் சொன்னேன். பாட்டு நின்றது. காலையில் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். சகோதரிகளே, குடித்தவர்களிடம் நேரில் வாதாடப் போகவே போகாதீர்கள்.

இப்படி நான் கெட்டிக்காரியாகிவிட்ட பெருமையில் இருந்தபோதுதான் அது நடந்தது.

மணி 12 ஆகியும் மாடிக் கதவு திறக்கவில்லை. 2 மணிக்கு அடுத்த ஆட்கள் வருகிறார்கள். நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று விறுவிறுவென்று ஏறினேன். கதவைத் திறந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள். குழந்தைக்கு வாந்தியும் பேதியும். அழுக்கான விரிப்பைத் தானே அலசிக் குளியலறைக் கொடியில் போட்டிருந்தாள். "பெட்ஷீட்டுக்குப் பணம் குடுத்துடறேன் ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

என் நாலு வார்த்தையும் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

இருவரையும் கீழே எங்கள் அறைக்கு அழைத்து வந்தேன். வீட்டிலிருந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தோம். குழந்தை துவண்டு கிடந்தது, வெகுநேரமாகச் சிறுநீரும் போகவில்லை என்று தெரிந்ததும் இவர் ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் அழைத்துப் போனார். விரிப்புகளைத் தனியாக வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டேன். சாயங்காலம் குழந்தை சிரித்தது. மறுநாள்தான் அவர்களை ரயிலேற்றினோம்.

"11 மணிச் சட்டம் என்னாச்சு?" என்று மாமியார் கேலி செய்தார்.

"சட்டம் போட்டவளே நான்தானே அத்தை, தளர்த்துறதுக்கு யாரைக் கேக்கணும்?" என்றேன்.

இப்போதும் அந்தச் செய்தியைத் தவறாமல் அனுப்புகிறேன். அன்றிலிருந்து அலமாரியில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலைந்து தயாராக இருக்கிறது. அப்புறம், "குழந்தைகள்" என்று எழுதுகிறவர்களிடம் வயதையும் கேட்டுவிடுகிறேன். மீசை ஞாபகம் இருக்கிறதல்லவா?