14ஆம் மாத்திரையில் எடுக்கும் கை

கொழும்பு 13, ஜிந்துப்பிட்டி. சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் திருவிழாக் காலத்தில் இந்தத் தெருவின் இரவுகளுக்கு என்று ஒரு தனிச் சத்தம் உண்டு. நாதஸ்வரக்காரர்கள் சீவாளியை எடுத்து ஈரப்படுத்திக்கொண்டு சற்று ஒதுங்க, தவில்கள் எதிரும் புதிருமாக நின்று மேளச்சமாவைத் தொடங்கும். ஒருவர் வாசித்ததை மற்றவர் அப்படியே வாங்கித் திருப்பிக் கொடுப்பார். கொடுக்கும்போது ஏதோ ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ விடுவார். சுற்றி நிற்கிற கூட்டத்தில் கைவிரலை மடக்கி எண்ணுகிறவர்களின் முகங்களைப் பார்த்தாலே போதும், கணக்கு எங்கே முறுக்கப்பட்டது, எங்கே வந்து இறங்கியது என்பது தெரிந்துவிடும்.

அந்த இரண்டு தவில்களுக்கும் நடுவே பிறப்பது பயிற்சியா, கற்பனையா? கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பிள்ளையைச் சங்கீத வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்கிறார்கள். கீபோர்டில் தானாகவே மெட்டுக் கட்டித் திரியும் பிள்ளை, வருடக்கணக்கில் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் பாடினால் அந்தத் துள்ளல் அடங்கிவிடுமோ என்பது ஒரு பக்கத்துப் பயம். அடித்தளம் இல்லாமல் எழும் கற்பனை எத்தனை நாளைக்கு நிற்கும் என்பது மறுபக்கத்து வாதம்.

பதிலைத் தேட, முதலில் தவிலின் கணக்கைக் கிட்டப்போய்ப் பார்ப்பது நல்லது. ஆதி தாளத்தில் எட்டு அட்சரம். ஒவ்வொன்றையும் நாலாகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு, அதாவது ஓர் ஆவர்த்தனத்துக்கு, 32 மாத்திரை. ‘ததிகிணதொம்’ என்ற ஐந்து மாத்திரைச் சொல்லை மூன்று தடவை வாசித்து, அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் அடியான சமத்தில் சரியாகப் போய் இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இரண்டு மாத்திரை இடைவெளி. 5, 2, 5, 2, 5 எல்லாம் சேர்த்து 19. ஆகவே 13 மாத்திரை கழிந்து, 14ஆம் மாத்திரையில் எடுக்க வேண்டும். இடைவெளியை ஒரு மாத்திரையாகச் சுருக்கினால் மொத்தம் 17 ஆகி, எடுப்பு 16ஆம் மாத்திரைக்குத் தள்ளிப்போகும். ஐந்தை விட்டு ‘தகதிமி தகிட’ என்ற ஏழு மாத்திரைச் சொல்லுக்குத் தாவி, பழையபடி இரண்டு மாத்திரை இடைவெளி விட்டால் மொத்தம் 25. அப்போது 8ஆம் மாத்திரையிலேயே புறப்பட்டாக வேண்டும்.

காகிதத்தில் இது பள்ளிக்கூடக் கழித்தல். சமாவில் ஓர் ஆவர்த்தனம் சில விநாடிகளில் ஓடி முடிந்துவிடும். எதிரே நிற்பவர் ஏழில் கேள்வி போட்டால், கழித்தலுக்கு நேரம் கிடையாது. கை அந்தத் தூரத்தை ஏற்கெனவே பல்லாயிரம் தடவை நடந்து பழகியிருக்க வேண்டும். அப்படிப் பழகியவருக்குத்தான் வேறொரு சுதந்திரம் கிடைக்கிறது. ஐந்தா ஏழா, இடைவெளியை எங்கே விடுவது, இரண்டாம் தடவையில் ஒரு அடியை வேண்டுமென்றே விழுங்கிவிடுவதா என்று தெரிவு செய்யும் சுதந்திரம் அது.

இந்தச் சுதந்திரத்தின் உச்சத்தைத் தொட்டவர் என்று ஈழத்து ரசிகர்கள் இன்றைக்கும் சொல்லும் பெயர் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி. 1933இல் இணுவிலில் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்தவர். தந்தை விசுவலிங்கமும் தவில் வித்துவான். வீட்டில் தொடங்கிய பயிற்சி, பின்னர் தமிழகம் சென்று நாச்சியார்கோயில் ராகவப்பிள்ளையிடம் தொடர்ந்தது. 1975இல், 41 வயதில், அவர் மறைந்தார். அவர் வாசிப்பின் ஒலிப்பதிவுகள் தவில் கற்கும் இளைஞர்களின் கைகளில் இன்றும் சுற்றுகின்றன. இயக்குநர் அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருதைப் பெற்றது. அந்தப் பதிவுகளைக் கேட்கிறவர்களை வியக்க வைப்பது வேகம் மட்டுமல்ல. அடுத்து என்ன வரும் என்பது யாருக்கும் பிடிபடாது. ஆனால் வந்த பிறகு கணக்கு ஒரு இழைகூடப் பிசகியிருக்காது. கடும் பயிற்சி கற்பனையைக் கொல்லும் என்பது பொதுவிதியாக இருந்தால், இப்படி ஒரு கலைஞர் உருவாகியிருக்கவே முடியாது.

ஒரு கலைஞரை மட்டும் வைத்து விதி சொல்ல முடியாதுதான். ஆனால் பயிற்சிக்கும் கற்பனைக்கும் உள்ள இந்த உறவை, மூளையைப் படம்பிடிக்கும் ஆய்வாளர்களும் கடந்த சில பத்தாண்டுகளாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் சார்ல்ஸ் லிம், அலன் பிரவுன் என்ற இருவர் 2008இல் வெளியிட்ட ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. தொழில்முறை ஜாஸ் பியானோக் கலைஞர்கள் ஆறு பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து, மடியில் ஒரு சிறிய கீபோர்டைக் கொடுத்தார்கள். மனப்பாடமான மெட்டை வாசிக்கும்போதும், அந்த நேரத்தில் கற்பனை செய்து வாசிக்கும்போதும் மூளை எப்படி இயங்குகிறது என்று ஒப்பிட்டார்கள். கற்பனை செய்து வாசிக்கும்போது, நெற்றிக்குப் பின்னால் பக்கவாட்டில் இருக்கும் பகுதிகளின் இயக்கம் தணிந்தது. ஒவ்வொரு செயலையும் கண்காணித்துத் திருத்துகிற பகுதிகள் அவை. நடுப்பக்கத்தில், தன்னுணர்வோடும் சுயவெளிப்பாட்டோடும் தொடர்புபடுத்தப்படும் பகுதி சுறுசுறுப்பானது. உடனே, ‘கண்காணிப்பை அணைத்துவிட்டால் கற்பனை வரும், ஆகவே விதிகளை மறந்துவிடு’ என்று சிலர் முடிவு கட்டினார்கள். அது அவசரமான முடிவு. அந்த ஆறு பேரும் பல ஆண்டுகள் பயின்றவர்கள். எதை அணைக்கலாம் என்பதை அவர்களின் மூளை கற்றிருந்தது.

2016இல் வெளிவந்த இன்னொரு சோதனை இந்த இடத்தைத் தெளிவாக்குகிறது. டேவிட் ரோசனும் அவரது குழுவினரும் ஜாஸ் பியானோ வாசிப்பவர்களின் வலது பக்க முன்மூளைக்கு, தலையின் மேலிருந்து மெல்லிய மின்னோட்டம் கொடுத்து அந்தக் கண்காணிப்புப் பகுதியைத் தூண்டினார்கள். அனுபவம் குறைந்தவர்களின் வாசிப்பு மேம்பட்டது. அனுபவசாலிகளின் வாசிப்போ தரம் குறைந்தது. கற்கத் தொடங்குகிறவருக்கு விழிப்பான கட்டுப்பாடு ஊன்றுகோல். தேர்ந்தவருக்கு அதே கட்டுப்பாடு குறுக்கே நிற்கிறது. சிறிய சோதனைதான், இதன்மேல் பெரிய மாளிகை கட்டக் கூடாது. ஆனால் எல்லாருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது என்பதை இது காட்டுகிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் அனா பின்யோ, பிரெட்ரிக் உல்லென் ஆகியோர் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வு. 39 பியானோக் கலைஞர்கள் அதில் பங்கேற்றார்கள். வாழ்நாளில் எத்தனை மணி நேரம் எழுதிவைத்த இசையைப் பயின்றார்கள், எத்தனை மணி நேரம் தாமாகக் கற்பனை செய்து வாசித்தார்கள் என்று தனித்தனியாகக் கணக்கெடுத்தார்கள். கற்பனை செய்து வாசித்த அனுபவம் கூடக்கூட, முன்மூளையின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் குறைவாகவே உழைத்தன. அதேநேரம் முன்மூளைக்கும் அசைவைத் திட்டமிடும் பகுதிகளுக்கும் இடையிலான தொடர்பு வலுத்திருந்தது. வயதையும் எழுதிவைத்த இசையைப் பயின்ற நேரத்தையும் கழித்துப் பார்த்த பிறகும் இந்த உறவு நின்றது. கற்பனை செய்து வாசிப்பதும் தனியே பயின்று பெற வேண்டிய ஒரு திறமை என்பதுதான் இதன் பொருள். எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய பிள்ளைக்குக் கதை சொல்லத் தானாக வந்துவிடாது, கதை சொல்லிச் சொல்லியே வரும்.

நம் சங்கீதத்தின் பழைய பாடத்திட்டம் இதை அறிந்திருந்தது. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் வரிசைகள், அலங்காரங்கள், கீதங்கள் எல்லாம் பயிற்சிக்கான அப்பியாசகானம். அதைத் தாண்டி நிற்பது, அந்த இடத்திலேயே கற்பனை செய்து பாடும் மனோதர்மம்: ராக ஆலாபனை, நிரவல், கற்பனாசுரம். மேடையில் ஒரு வித்துவானின் தரத்தை எடைபோடுவது இந்த இரண்டாவது பகுதியை வைத்துத்தான்.

பயிற்சியின் கதை இப்படி என்றால், ஏட்டு இலக்கணத்தின் கதை இன்னும் சுவையானது. இசைக்குப் பின்னால்தான் இலக்கணம் வரும் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. 17ஆம் நூற்றாண்டுத் தஞ்சாவூரில் வேங்கடமகி அதைத் தலைகீழாக்கினார். ரிஷபமும் காந்தாரமும் சேரக்கூடிய வகைகள் ஆறு. தைவதமும் நிஷாதமும் சேரக்கூடிய வகைகள் ஆறு. மத்திமம் இரண்டு. ஆறை ஆறால் பெருக்கி இரண்டால் பெருக்கினால் 72. அவருடைய ‘சதுர்தண்டி பிரகாசிகை’ காட்டும் இந்த 72 மேளங்களில், அதாவது தாய் ராகங்களில், அன்றைக்கு வழக்கில் இருந்தவை 19 மட்டுமே. மீதி 53 மேளங்களும் பெருக்கல் வாய்பாட்டில் பிறந்து, பாடுவாரின்றி ஓலையில் காத்திருந்தன.

அந்த வெற்றிடங்களே பின்வந்தவர்களுக்கு அறைகூவலாயின. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோடீஸ்வர ஐயர் 72 மேளகர்த்தா ராகங்களிலும் முருகன்மீது தமிழில் கீர்த்தனைகள் இயற்றினார். ‘கந்த கானாமுதம்’ என்று அறியப்படுபவை அவை. பாடகர் பாலமுரளிகிருஷ்ணாவும் இளம் வயதிலேயே 72லும் கீர்த்தனை செய்தார். அதே மனிதர்தான் பின்னாளில், ஒரு ராகத்துக்குக் குறைந்தது ஐந்து சுரமாவது வேண்டும் என்ற மரபை மீறி, நான்கே சுரங்களில் மகதி, லவங்கி ஆகிய ராகங்களைப் பாடினார். அதனால் சர்ச்சை மூண்டதும் இசையுலகம் அறிந்தது. எந்த வேலியைத் தாண்டுகிறோம் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

திரையிசையில் இளையராஜாவும் இப்படித்தான். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை இலக்கணம் கற்றவர் அவர். 1985இல் வந்த ‘சிந்து பைரவி’யில் கல்யாணி ராகத்தில் ஆரோகணத்தை மட்டுமே வைத்து ஒரு முழுப் பாட்டை அமைத்தார். சுரங்கள் ஏறும், இறங்கவே மாட்டா. கேட்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு அப்படியொரு கட்டுப்பாடு இருப்பதே தெரியாது. ஒரு வழியை அடைத்துவிட்டு மறுவழியில் இத்தனை தூரம் போகலாம் என்ற யோசனை, ஆரோகணம் அவரோகணம் என்ற இலக்கணம் இல்லாவிட்டால் யாருக்கும் தோன்றியிருக்காது.

வகுப்பறை இலக்கணம் ஒன்றுதான் வழி என்று இதற்குப் பொருளல்ல. பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியம் நீண்ட குருகுலவாசம் செய்யாதவர். அரியக்குடி இராமானுஜ ஐயங்காரைக் கேட்டுக் கேட்டே மானசீகக் குருவாக்கிக்கொண்டார். ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத்தைக் கேட்டு, அந்த வேகமான பிருகாக்களைத் தொண்டைக்குள் கொண்டுவந்தார். அவரே சென்னைப் பல்கலைக்கழகத்தின் சங்கீத டிப்ளமோ வகுப்பிலும் படித்தார். காதால் கற்றதும் ஏட்டில் கற்றதும் அவருக்குள் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

கொழும்பின் கடலோரத் தெருக்களுக்கும் சொந்தமாக ஓர் உதாரணம் இருக்கிறது. போர்த்துக்கேயர் காலத்து எச்சமாக வளர்ந்த பைலா இசையில் ‘வாத பைலா’ என்றொரு வகை உண்டு. வோலி பஸ்தியான் வளர்த்தெடுத்தது அது. பாடகர்கள் மேடையில் எதிரெதிரே நின்று, கொடுத்த பொருளில் அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டி வாதாடுவார்கள். மெட்டும் தாளமும் மாறாது. அந்த இறுக்கமான அச்சுக்குள் எதுகையும் கிண்டலும் பதிலடியும் விழ வேண்டும். இவர்கள் சங்கீத ஏடு படித்தவர்கள் அல்லர். ஆனால் அச்சு உள்ளே ஊறியிருக்கிறது. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் தமிழ்ப் பொப் இசையைக் கட்டியெழுப்பியதும் இந்தத் தாளத்தின் பக்கத்தில் நின்றுதான். ஏட்டில் இல்லாத இலக்கணமும் இலக்கணமே.

ஆகவே, பயிற்சி கற்பனையைக் கெடுக்கும் என்ற குற்றச்சாட்டு முழுப்பொய்யா? இல்லை. வீணை வாசிப்பவர்கள் அறிவார்கள், விரல் பழகிய தடத்திலேயே ராகமும் ஓடத் தொடங்கும். நேற்று வாசித்த பிடி இன்றும் அதே இடத்தில் வந்து நிற்கும். பயிற்சியால் எல்லாம் கிடைத்துவிடும் என்பதும் சரியல்ல. ஸ்வீடனில் 10,000க்கும் மேற்பட்ட இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வொன்று, உருவொத்த இரட்டையரில் ஒருவர் எவ்வளவு கூடுதலாகப் பயின்றிருந்தாலும், சுருதியையும் தாளத்தையும் பிரித்தறியும் நுட்பம் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்ததைக் கண்டது.

உண்மையான கேடு வேறொரு இடத்தில் நடக்கிறது. வட இலங்கைச் சங்கீத சபை 1931இல் தொடங்கப்பட்டதிலிருந்து தரம் தரமாகப் பரீட்சை எழுதும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. சாதாரண தரத்திலும் கர்நாடக சங்கீதம் ஒரு பாடம். கிராமத்துப் பிள்ளைக்கும் சங்கீதத்தின் வாசலைத் திறந்த நல்ல ஏற்பாடு இது, குறைசொல்ல மனம் வராது. ஆனால் பரீட்சை நெருங்கும்போது பல வகுப்புகளில் ஒன்று நடக்கிறது. கற்பனாசுரத்தைக் கொப்பியில் எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். அரங்கேற்ற மேடைகளிலும் தனி ஆவர்த்தனம் முதல் அடியிலிருந்து கடைசிக் கோர்வை வரை முன்கூட்டியே கட்டப்பட்டிருக்கும். பிள்ளை பிழையின்றி வாசிக்கிறது, கைதட்டல் விழுகிறது. மனோதர்மம் என்ற பெயரில் அங்கே நடந்தது அப்பியாசம். கரோலின்ஸ்கா ஆய்வு தனியே எண்ணிய அந்த இரண்டாவது வகை மணிநேரங்கள் அந்தப் பிள்ளையின் கணக்கில் பூச்சியமாகவே நிற்கின்றன. பயிற்சி கூடிப்போனதல்ல அங்கே குறை. ஒரு வகைப் பயிற்சி தொடங்கவே இல்லை.

அதைத் தொடங்கப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். மோகனத்தில் ஐந்து சுரம். முதல் கீதத்தைப் பாடத் தெரிந்த பிள்ளைக்கே ரீச்சர் அந்த ஐந்தையும் கொடுத்து, தாளத்தைப் போட்டுக்கொண்டு, “நாலு அட்சரம் நீயாகப் பாடு, காந்தாரத்தில் வந்து நில்” என்று சொல்லலாம். முதல் வாரம் தாளம் தவறும். இரண்டாம் வாரம் ரீச்சர் பாடியதையே திருப்பிப் பாடும். தவில் சமாவில் நடப்பதுபோல, ஒருவர் பாடியதை வாங்கி ஒரு சுரத்தை மட்டும் மாற்றிக் கொடுக்கச் சொல்லலாம். வகுப்பில் இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்தால் அது விளையாட்டாகிவிடும், வகுப்பு முடிந்தும் படிக்கட்டில் உட்கார்ந்து தொடர்வார்கள். சரளி வரிசை அதன்பாட்டில் நடக்கட்டும். வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் இதற்குப் போதும்.