பதினாறு வயதுக்கு எந்தக் கப்பல்?

வேப்பனப்பள்ளி டீக்கடையில் மாங்காய் வியாபாரி ஒருவர் தன் செல்போனை என்னிடம் நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டு சிங்கப்பூருக்கே திரும்பும் நான்கு இரவு சொகுசுக் கப்பல் பயணம். அனுப்பியவர் பெங்களூரு ஏஜெண்ட். கடைசிப் பக்கத்தில் சிவப்பு எழுத்து: இன்னும் 2 கேபின்தான் மிச்சம், இன்று இரவுக்குள் அட்வான்ஸ்.

"நானும் வீட்டுக்காரியும், பையன், எங்க அக்கா பொண்ணு. பசங்க ரெண்டு பேருக்கும் பதினாறு வயசுங்க. பணத்தைப் போட்டுடலாமுங்களா?"

"பசங்களுக்கு அந்தக் கப்பல்ல என்ன இருக்குன்னு கேட்டீங்களா?"

"கேட்டேனே. எல்லா ஆகுத்தே சார்ங்கறாரு."

எல்லையோரத்தில் வாழும் நமக்கு 'எல்லாம் ஆகும்' என்ற இந்தக் கன்னடப் பேச்சு பழகிப்போனது. நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் லட்சக்கணக்கில் கட்டப்போகிறவருக்கு அது பதிலாகாது.

அந்த பிடிஎஃப்பைக் கடைசிவரை பார்த்தேன். சின்னக் குழந்தைகளுக்குச் சறுக்குமரம், பொம்மை வேடம் போட்டவர்கள். பெரியவர்களுக்கு பார், கசினோ, மசாஜ். பதின்மூன்றிலிருந்து பதினேழு வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. பாருக்குள் அவர்களை விடமாட்டார்கள். குழந்தைகள் அறைக்குப் போக அவர்களுக்கே கூச்சம். கட்டணம் மட்டும் பல நிறுவனங்களில் பெரியவர் கட்டணம். கையில் தனிச் சாவி அட்டை. அம்மா அப்பா தூங்கிய பிறகும் பத்துப் பன்னிரண்டு தளங்களில் இஷ்டம்போல் சுற்றலாம். செலவும் ஆபத்தும் கூடுகிற வயது இதுதான். விளம்பரம் விட்டுவிடுவதும் இந்த வயதைத்தான்.

ஆகவே முதல் கேள்வி கப்பலின் அழகைப் பற்றியதாக இருக்கக் கூடாது. பதின்வயதினருக்குத் தனிக் கூடம் உண்டா, எந்த வயதிலிருந்து எந்த வயது வரை, எத்தனை மணிவரை, யார் மேற்பார்வை என்று கேளுங்கள். ராயல் கரீபியன் போன்ற பெரிய நிறுவனங்களின் கப்பல்களில் இது உண்டு. பழைய, சிறிய கப்பல்கள் பலவற்றில் குழந்தைகள் அறையோடு சரி. அடுத்தது கேபின். பிள்ளைகள் இருவரையும் தனிக் கேபினில் விட்டுவிடலாம் என்று ஏஜெண்ட் சொன்னால் நம்பிவிடாதீர்கள். கேபினுக்கு ஒரு பெரியவராவது பெயரளவில் இருக்க வேண்டும் என்பதே பெரும்பாலான நிறுவனங்களின் விதி. அந்தப் 'பெரியவர்' வயதும் மாறும்: ராயல் கரீபியனில் வட அமெரிக்காவிலிருந்து புறப்பட்டால் 21, ஆசியாவிலிருந்து என்றால் 18. இரண்டு கேபின் எடுத்தால் அவை பக்கத்துப் பக்கத்தில் இருக்குமா, இடையில் கதவு உண்டா என்று கேபின் எண்ணோடு எழுதி வாங்குங்கள்.

சாவி அட்டைதான் கப்பலில் பணப்பையும். பிள்ளையின் அட்டையில் விளையாட்டு இயந்திரம், குளிர்பானம், இணையம் என்று எதைத் தேய்த்தாலும் கணக்கு அப்பாவின் கிரெடிட் கார்டில் ஏறும். கப்பலில் ஏறியதும் வரவேற்பு மேசைக்குப் போய் அதற்கு ஒரு வரம்பு வைக்கச் சொல்லலாம், முழுக்க நிறுத்தவும் சொல்லலாம். செல்போனும் அப்படித்தான். கரை மறைந்ததும் போன் தானாகக் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ரோமிங் பேக் அதற்குப் பொருந்தாது. கரை திரும்பும்வரை பிள்ளைகளின் போன் ஃபிளைட் மோடில் இருக்கட்டும்.

சிங்கப்பூர் வரை போக வேண்டுமா என்றும் யோசிக்கலாம். 2022 ஜூனில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டேலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பலைக் கொடியசைத்து அனுப்பி வைத்தார். 1990இல் கட்டப்பட்ட கப்பல் அது. 2023 ஜூனில் இலங்கைக்கும் போனது. கிருஷ்ணகிரியில் ஏறினால் வேலூர் வழியாக ஐந்தாறு மணி நேரத்தில் துறைமுகம் போய்ச் சேரலாம். பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க இரண்டு இரவுப் பயணம் போதும்.

அதே 2022 ஜூனில் இன்னொன்றும் நடந்தது. விசாகப்பட்டினம் போய்விட்டுப் புதுச்சேரி வந்த அந்தக் கப்பலுக்கு அங்கே கரையணைய அனுமதி கிடைக்கவில்லை. கப்பலில் கசினோ இருக்கிறது என்று அரசியல் கட்சிகள் எதிர்த்தன. கப்பல் சென்னைக்குத் திரும்பியது. இப்படி ஒரு துறைமுகம் விட்டுப்போவதைத் தங்கள் உரிமையாகவே கப்பல் நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கின்றன. விட்டுப்போன ஊரின் துறைமுகக் கட்டணமும், அங்கே சுற்றிப்பார்க்க முன்கூட்டிக் கட்டிய பணமும் திரும்ப வருமா என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

விலை விஷயத்துக்கு வருகிறேன். 'இன்னும் 2 கேபின்தான்' என்பதற்கு இன்று சட்டத்தில் பெயர் உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் 13 வகை இணைய ஏமாற்று உத்திகள் பட்டியலிடப்பட்டுள்ளன. பொய்யான அவசரம் காட்டுவது அதில் ஒன்று. முதலில் குறைந்த விலை காட்டி, பிறகு துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம் என்று துளித்துளியாக ஏற்றுவதும் அதில் வருகிறது. 'மூன்றாம் நபர் இலவசம்' என்பதிலும் வரியும் துறைமுகக் கட்டணமும் பெரும்பாலும் தனி. வெளிநாட்டுப் பேக்கேஜ் என்றால் டிசிஎஸ் என்ற வரியை விற்பவரே பிடிப்பார். அது 2020 அக்டோபரில் வந்தது. விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். அந்தப் பணம் உங்கள் பான் எண்ணில் ஏறி நிற்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து ஈடுகட்டிக்கொள்ளலாம், மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். நம் பக்கத்தில் பலர் அதைச் செலவு என்றே எழுதி மறந்துவிடுகிறார்கள்.

ஓசூர்ப் பக்கம் நிறுவனங்கள் தங்கள் டீலர்களை இப்படிப் பயணம் அனுப்புவது உண்டு. கூட வரும் பிள்ளைக்கு நீங்கள் பணம் கட்டினால், பின்னால் கேள்வி கேட்க வசதியாக, அதற்கு உங்கள் பெயரில் தனி ரசீது வாங்கிவிடுங்கள்.

ஆவணங்களில் இடறுகிறவர்கள்தான் அதிகம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பாஸ்போர்ட் 5 ஆண்டுக்கோ 18 நிறையும்வரையோதான். 15 தாண்டியிருந்தால் முழுக் கட்டணம் கட்டி 10 ஆண்டுப் பாஸ்போர்ட் கேட்கலாம். பயண நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் எதிர்பார்க்கின்றன. சிங்கப்பூரில் ஏறி, வேறு நாடு பார்த்து, சிங்கப்பூரிலேயே இறங்குவதால் ஒருமுறை நுழைவு விசா போதாது. மாங்காய் வியாபாரி யோசிக்காத ஒன்று, அக்கா பெண். பெற்றோர் இல்லாமல் மாமாவோடு போகும் சிறுமிக்கு, அவளுடைய அப்பா அம்மா இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி சான்றளித்த சம்மதக் கடிதம் வேண்டும். அவசர மருத்துவத்துக்கு மாமா முடிவெடுக்கலாம் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். ஆவணம் சரியில்லை என்று துறைமுகத்தில் நிறுத்தினால் பணம் திரும்ப வராது.

சொல்லக் கஷ்டமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கப்பல்களில் நடந்ததாகப் புகாரான பாலியல் வன்முறைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கில் பாதிக்கப்பட்டவர்கள் சிறார்கள் என்று 2013இல் அமெரிக்க செனட் குழு அறிக்கை சொன்னது. அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களுக்கு 2010லேயே தனிச் சட்டம் உண்டு: கேபின் கதவில் பார்வைத் துளை, 42 அங்குலக் கைப்பிடிச் சுவர், குற்றங்களை எஃப்பிஐக்குத் தெரிவிப்பது. சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு அமெரிக்காவைத் தொடாத கப்பலுக்கு அது பொருந்தாது. நடுக்கடலில் கப்பல் எந்த நாட்டுக் கொடி பறக்கவிடுகிறதோ அந்த நாட்டுச் சட்டம். பல கப்பல்களில் அது பஹாமாஸ் அல்லது பனாமா.

அதற்காக நாம் கையற்று நிற்கவில்லை. குற்றம் செய்தவர் இந்தியக் குடிமகன் என்றால், உலகில் எங்கே செய்திருந்தாலும் பாரதிய நியாய சன்ஹிதா அவரைத் தொடரும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் போக்சோ உண்டு. ஊர் திரும்பியதும் எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியக் கேட்கலாம். கப்பலில் இருக்கும்போதே பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள், அடுத்த துறைமுகத்தில் இந்தியத் தூதரகத்தை அழையுங்கள். பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள். ஊருக்குத் தெரிந்துவிடும் என்று மூடி மறைப்பது குற்றவாளிக்கு மட்டுமே உதவும். ஊர் வந்த பிறகு குழந்தைகள் உதவி எண் 1098க்கும் பேசலாம்.

பாதுகாப்பு ஒத்திகைக்குப் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் கோஸ்டா கன்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பலருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை என்பது உலக விதியானது.

பயணக் காப்பீடு எடுக்கும்போது கப்பல் பயணத்துக்கும் பொருந்துமா, நடுக்கடலிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவு சேருமா என்று பாருங்கள். கோரிக்கையை நிறுவனம் நிராகரித்தால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம்.

எல்லையோரக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரியாத உரிமை ஒன்று உண்டு. ஏஜெண்ட் பெங்களூருவில் இருக்கிறார், பணமும் அங்கேதான் போனது, அதனால் வழக்கும் அங்கேதான் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் 34ஆம் பிரிவுப்படி, நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். வேப்பனப்பள்ளிக்காரருக்கு அது கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 50 லட்சம் வரை அங்கேயே. 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பது உங்கள் விருப்பம். குறை நேர்ந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குத் தமிழிலேயே பேசிப் பார்க்கலாம். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்வதும் உண்டு. தகராறு வந்தால் நடுவர் மட்டுமே தீர்ப்பார் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது என்று எமார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது. வெளிநாட்டுத் தளத்தில் நேராகப் பணம் கட்டினால் நோட்டீஸ் அனுப்பவே திண்டாட வேண்டும். ஜிஎஸ்டி எண்ணோடு பில் தரும் இந்திய ஏஜெண்ட் வழியாகப் போவது அதனால்தான் நல்லது. ஆனால் ஆணையத்தின் முன் 'ஆகுத்தே' என்ற சொல் நிற்காது, மின்னஞ்சல் நிற்கும்.

டீக்கடையில் உட்கார்ந்தே ஒன்பது கேள்விகளை மாங்காய் வியாபாரியின் பையனை வைத்து ஏஜெண்டுக்கு மின்னஞ்சலாக அனுப்பினோம். எட்டு நம்முடையவை, நள்ளிரவுக்குப் பிறகு சாப்பாடு உண்டா என்பது பையனுடையது. அன்றிரவு தீர்ந்துவிடும் என்ற கேபின்கள் தீரவில்லை. நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது: இரண்டு கேபினும் வேறு வேறு தளத்தில், பதின்வயதினருக்குத் தனிக் கூடம் இல்லை. வியாபாரி வேறு கப்பலுக்கு விலை கேட்டிருக்கிறார். அக்கா வீட்டுச் சம்மதக் கடிதம் மட்டும் தயாராகி, பிள்ளைகளின் பாஸ்போர்ட்டோடு பீரோவில் இருக்கிறது.