பகல் வண்டியில் ஒரு பயணம்

நாவிதன்வெளிப் பிள்ளைகளுக்கு வயலும் குளமும் புதுமையல்ல, கோச்சிதான் புதுமை. கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து கல்முனைக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறி மட்டக்களப்பை அடைந்தாலன்றித் தண்டவாளத்தைக் காண இயலாது. இருந்தும், கொழும்புக்குப் புறப்படும் நம்மவருட் பலர் இரவு வண்டியையே நாடுகின்றனர். உறங்கி விழித்தால் கோட்டை வந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. விடுமுறையில் பிள்ளைகளுடன் செல்வோருக்கு அது நட்டக் கணக்கேயாகும்.

மட்டக்களப்புக்கு 1928இல் வந்த பாதை இது. ஏறாவூர், வாழைச்சேனை கடந்ததும் ஊர்கள் அருகிக் காடு நெருங்கும். புணானை என்ற பெயர்ப்பலகையைக் கண்டால் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லலாம். மனிதரை அடித்துத் தின்று இவ்வட்டாரத்தை நடுங்கவைத்த சிறுத்தையொன்று 1924இல் இங்கேதான் சுடப்பட்டது.

மன்னம்பிட்டியில் மகாவலி குறுக்கிடுகிறது. 2007இல் புதிய வீதிப்பாலம் திறக்கப்படும்வரை, பஸ்ஸும் லொறியும் புகையிரதமும் ஒரே இரும்புப் பாலத்தையே பகிர்ந்துகொண்டன. வண்டி வந்தால் மற்றவை காத்து நிற்கும்.

அடுத்து வரும் பொலன்னறுவையில் ஒருநாள் தங்கிச் செல்லுதல் நன்று. பதினோராம் நூற்றாண்டிலே சோழர் இதற்குச் சனநாதமங்கலம் எனப் பெயரிட்டு ஆண்டனர். அவர்கள் கருங்கல்லாற் கட்டிய வானவன்மாதேவி ஈச்சரம் இன்றும் நிற்கிறது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கிடக்கும் செய்தியைப் பிள்ளை அங்கே கையால் தொட்டுப் பார்க்கலாம்.

மின்னேரியாவிலிருந்து ஹபரணை வரை யானைக் காடு. ஓகஸ்ட் விடுமுறையே இதற்கு வாய்ப்பான காலம். குளத்து நீர் வற்றி இளம்புல் தலைகாட்டும்போது யானைகள் கூட்டங் கூட்டமாக அங்கு வந்து சேரும். நமக்கும் கிட்டங்கியில் வெள்ளத் தொல்லை இராது. ஆனால் இதே காட்டில், 2025 பெப்ரவரி 20ஆம் நாள் விடியுமுன், பயணிகள் வண்டியொன்று யானைக் கூட்டத்தில் மோதியது. ஆறு யானைகளுக்குக் குறையாமல் மடிந்தன. பெட்டிகள் தடம் புரண்டன. பகலில் நாம் ஆவலோடு தேடும் யானை, இருளில் சாரதியின் கண்ணுக்குப் படுவதற்குள் காலம் கடந்துவிடுகிறது. இதையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை.

இடையில் கல்லோயாச் சந்தி வரும். திருகோணமலைப் பாதை பிரிவது அங்கேதான். "இது நம்முடைய கல்லோயாவா?" என்று பிள்ளைகள் கேட்பது நிச்சயம். அன்று. இங்கினியாகலையில் அணைகட்டப்பெற்று நம் பகுதி வயல்களுக்குப் பாயும் கல்லோயா, பட்டிப்பளை ஆறு; இங்கு இருப்பது பெயரொற்றுமை மட்டுமே.

மாகோவைத் தாண்டினால் தென்னந்தோப்புகள் தொடங்கும். பெரியவர்கள் உறங்குவதாயின் அங்கே உறங்கலாம்.