உருகிப்போன எழுத்துகள், உருகாத அச்சுகள்



2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாளை மும்பையில் வாழும் நம் ஜனங்கள் மறந்திருக்க முடியாது. சாந்தாகுருஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. தாழ்வான பகுதிகளில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த பின்பு எத்தனையோ குடும்பங்கள் சேற்றுக்குள் கைவிட்டுத் தேடின. துருவேறிய தையல் இயந்திரம், ஊறிப்போன பள்ளிச் சான்றிதழ், முகம் அழிந்த திருமணப் புகைப்படம், தாயார் அடிக்கோடிட்டு வாசித்த பழைய வேதாகமம்! ஊரை விட்டுப் பிழைக்க வந்தவனுக்கு ஒரு பெட்டியே வீடு. அந்தப் பெட்டியும் போய்விட்டால்?

வெள்ளமாக இல்லாமல், உங்களுக்கு அது ரயிலில் திருட்டுப்போன பையாக இருந்திருக்கலாம். தீயில் எரிந்த சிறு கடையாக இருந்திருக்கலாம். அந்த இரவில் நீங்கள் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, உம்மைத்தானே நம்பியிருந்தேன், இது ஏன்?" என்று கேட்டிருப்பீர்கள். நம் எல்லாரைக் காட்டிலும் அதிக உரிமையோடு அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக்கூடிய ஒரு மனிதர் வங்காளத்தில் வாழ்ந்தார். அவருடைய இழப்பைச் சற்று தியானிப்போம்.

ஒரே இரவில்

இங்கிலாந்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த வில்லியம் கேரி 1793-இல் இந்தியா வந்தார். 1800-இல் ஹூக்ளி நதிக்கரையிலுள்ள செராம்பூரில் குடியேறி, யோசுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு என்னும் உடன் ஊழியரோடு அச்சுக்கூடம் நிறுவினார். 1801-இல் வங்காள மொழியில் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அதன்பின் ஒவ்வொரு மொழியாக வேலை பெருகிற்று.

1812-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் மாலை, சுமார் 200 அடி நீளமுள்ள அந்த அச்சுக்கூடத்தில் தீப்பற்றியது. வார்டு கதவுகளையும் ஜன்னல்களையும் அடைக்கச் செய்து, கூரையில் துளையிட்டு, மணிக்கணக்காய்த் தண்ணீர் ஊற்றினார். தீ ஏறக்குறைய அடங்கிய வேளையில் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். காற்றுப் புகுந்தது, நெருப்பு மூண்டெழுந்தது. இரவு முடிவதற்குள் கூரை இடிந்து விழுந்தது.

கேரி அப்போது கல்கத்தாவில் இருந்தார். வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஆசிரியப்பணி செய்துவந்ததால் வாரந்தோறும் அங்கே போவது அவர் வழக்கம். மறுநாள் மார்ஷ்மன் நேரில் சென்று செய்தியைச் சொன்னார். கேரி கண்ணீர் விட்டார்.

எரிந்தவை எவை? காகிதக் கட்டுகளும் பல இந்திய மொழிகளின் எழுத்துகளும் போயின. தமிழ் எழுத்துகளும் அவற்றில் இருந்தன. இவற்றைப் பணத்தால் திரும்ப வாங்கலாம். ஆனால் கையெழுத்துப் பிரதிகளை எங்கே வாங்குவது? பல ஆண்டுகளாய் அவர் தொகுத்த பன்மொழி அகராதி, தெலுங்கு இலக்கணம், பஞ்சாபி இலக்கணம், மொழிபெயர்ப்பின் பகுதிகள் என எல்லாம் சாம்பலாயின. அவருக்கு அப்போது வயது 50.

அவர் செய்த பிரசங்கம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேரி கல்கத்தாவில் பிரசங்கித்தார். எடுத்துக்கொண்ட வசனம் சங்கீதம் 46:10. அமைதியாயிருந்து, தேவன் தேவனே என்று அறிந்துகொள்ளும்படி அழைக்கும் வசனம் அது. நம்மைத் தம் சித்தப்படி நடத்தத் தேவனுக்கு முழு உரிமை உண்டு; அதற்கு மனதார இணங்குவது நம் கடமை. அவர் சொன்னதன் சாரம் இவ்வளவே.

தீ எப்படிப் பற்றியது என்பது கடைசிவரை தெரியவில்லை. கேரியோ அதற்காகக் காத்திருக்கவில்லை. சில நாட்களில் எழுதிய கடிதத்தில், இந்தத் தீங்குக்குக் காரணமாகத் தம்மிடத்தில் ஏதேனும் உண்டோ என்று தம்மையே சோதித்துப் பார்க்க விரும்புவதாகத் தெரிவித்தார். கவனியுங்கள், பிரியமானவர்களே! இழந்தவர்களைப் பார்த்து, "உன் பாவமே காரணம்" என்று யோபின் சிநேகிதரைப்போலப் பேசுவது வேறு. இழந்தவரே தேவசமுகத்தில் தம் உள்ளத்தை ஆராய்வது வேறு. முன்னதை ஒருபோதும் செய்யாதிருப்போம். பின்னதற்கு ஒருபோதும் பயப்படாதிருப்போம்.

இடிபாடுகளுக்குள் இருந்தது

வார்டு சாம்பலைக் கிளறச் செய்தபோது ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. ஈய எழுத்துகள் உருகிப்போயிருந்தன. ஆனால் அந்த எழுத்துகளை வார்ப்பதற்கான எஃகு அச்சுகள் சேதமின்றிக் கிடைத்தன. அச்சு இயந்திரங்களும் தப்பியிருந்தன. உருகிய ஈயத்தையே சேகரித்து, வேலையாட்கள் முறைவைத்து இரவும் பகலும் புதிய எழுத்துகளை வார்த்தார்கள். சில வாரங்களுக்குள் அச்சுப்பணி மறுபடியும் தொடங்கிற்று.

செய்தி கப்பலில் இங்கிலாந்து சேரப் பல மாதங்கள் பிடித்தன. ஆனால் சேர்ந்தபின் சுமார் இரண்டு மாதங்களுக்குள் இழப்பை ஈடுசெய்யும் தொகை திரண்டுவிட்டது. அதுவரை செராம்பூரைக் கேள்விப்படாதவர்களும் அந்த ஊழியத்துக்காக ஜெபிக்கத் தொடங்கினார்கள்.

எல்லாம் திரும்பக் கிடைத்ததோ? இல்லை. தெலுங்கு இலக்கணத்தைக் கேரி மறுபடியும் எழுதி 1814-இல் வெளியிட்டார். ஒருமுறை நடந்த பாதையில் இரண்டாம்முறை நடப்பது எளிது, நடையும் உறுதிப்படும் என்பது அவர் எண்ணம். ஆனால் அந்தப் பன்மொழி அகராதி அச்சேறவே இல்லை. இழந்ததெல்லாம் இரட்டிப்பாய்த் திரும்ப வரும் என்று மட்டுமே கேட்டுப் பழகிய நமக்கு இது கசக்கலாம். ஆயினும் அகராதியை இழந்த கேரி தம் அழைப்பை இழக்கவில்லை. 1834-இல் மரிக்கும்வரை அதே செராம்பூரில் அதே வேலையில் நிலைத்திருந்தார்.

தமிழராகிய நமக்கு இன்னொரு செய்தியும் உண்டு. தீ விபத்துக்குப் பின் அடுத்த சில ஆண்டுகளுக்குள், ஃபபிரிசியுஸ் ஐயர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு அதே செராம்பூர் அச்சுக்கூடத்தில் 5000 பிரதிகள் அச்சிடப்பட்டது. தமிழ் எழுத்துகள் எரிந்த இடத்திலிருந்தே தமிழ் வேதம் புறப்பட்டது!

உங்கள் சாம்பலில் என்ன இருக்கிறது?

அருமையான சகோதரனே, சகோதரியே, நீங்கள் இழந்தது எழுத்தா, அச்சா? வண்டி, நகை, சேமிப்பு, சான்றிதழ் இவையெல்லாம் எழுத்துகள். அருமையானவைதான், அழுவதில் தவறில்லை, கேரியும் அழுதார். ஆனால் அவற்றை உருவாக்கிய உழைப்பும் திறமையும் உண்மையும், எல்லாவற்றுக்கும் மேலாக உங்களைப் பெயர்சொல்லி அழைத்தவரின் அழைப்பும், நெருப்பு தொடாத அச்சுகள்.

ஆகவே இன்று மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, தேவசமுகத்தில் அமர்ந்திருங்கள். துக்கத்தை மறைக்காமல் அவரிடத்தில் ஊற்றிவிடுங்கள். இரண்டாவது, மிஞ்சியிருப்பதைத் தேடிப் பட்டியலிடுங்கள். மூன்றாவது, சபையாரிடம் உங்கள் தேவையைச் சொல்லத் தயங்காதீர்கள். கேரியும் தனியே நின்று மீளவில்லை.

ஒருவேளை நீங்கள் இயேசுவை இதுவரை அறியாதவராக, யாரோ கொடுத்த இந்த இதழை வாசிக்கிறவராக இருக்கலாம். கைகள் வெறுமையான இந்த வேளையே அவர் கரத்தைப் பற்றிக்கொள்ள ஏற்ற வேளை. பூச்சியும் துருவும் தொடாத பொக்கிஷத்தைக் குறித்து அவர் பேசியதை மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள்.

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, நான் இழந்தது உமக்குத் தெரியும். ஏன் என்று எனக்கு விளங்காவிட்டாலும் நீர் தேவன் என்று அறிந்திருக்கிறேன். மிஞ்சியிருப்பதை உம் கரத்தில் தருகிறேன். எனக்கு நீர் குறித்த வேலையை மறுபடியும் தொடங்கப் பெலன் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறேன். ஆமென்.